அனசூயாவின் விரல்களும் ஒரு மாத்திரையும்

கரீம்நகரில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், மருந்துக் கவுண்டரின் வரிசை கொஞ்சம் இளைத்திருந்த ஒரு மதியம் அவள் வந்தாள். ஒல்லியான பெண். தலைமுடி அப்போதுதான் வளர்ந்து காதைத் தொட்டிருந்தது. நான் கொடுத்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி, இதுலயே கொஞ்சம் மெல்லிசா ஒண்ணு இருக்குமா?"

"மெல்லிசுன்னா?"

"விரலைப் பிடிக்காததா."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பி.பார்ம் முடித்துக் கழுத்தில் அட்டை மாட்டிய புதிது. யாராவது ஒரு கேள்வி கேட்டால் போதும், வகுப்பே எடுத்துவிடுவேன். "இது லெட்ரோசோல்மா. உங்களுக்கு வந்த கட்டி பெண் ஹார்மோனைத் தின்னு வளர்ற வகை. அந்த ஹார்மோன் உண்டாகாம இது தடுக்கும். மெல்லிசெல்லாம் கிடையாது, அஞ்சு வருஷம் இதைத்தான் போடணும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அது எனக்கு ஏது தம்பி? அதையெல்லாம் வெட்டிக் குப்பையில போட்டு பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"உடம்புல வேற இடத்துலயும் ஊறும்மா. டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர் சீட்டை நீட்டிவிட்டார். அவள் போய்விட்டாள். அன்று அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் பின்னாளில் அவளும், அவள் மகள் மௌனிகாவும், பக்கத்து வீட்டு ராஜமணியக்காவும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னது.

பெயர் அனசூயா. ஊர், கோருட்லா பக்கம் சிந்தலகுண்டா. ஆண்கள் மும்பைப் பக்கம் பிவண்டிக்குத் தறி ஓட்டப் போய்விடுவார்கள், இல்லாவிட்டால் மஸ்கட்டுக்கு. பெண்கள் வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். அனசூயாவின் புருஷன் பிவண்டிக்காரன். தசராவுக்கு வருவான், தீபாவளிக்கு முன்னால் கிளம்பிவிடுவான்.

அவளைப் பெண் பார்க்க வந்தபோது யாரும் அவளுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. மாமியாராகப் போகிறவள் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த இலைக்கட்டையும் ஒரு பொட்டலம் புகையிலைத் தூளையும் எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "எங்கே, சுத்து பாப்போம்."

அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். அனசூயா முறத்தை இழுத்து மடியில் வைத்தாள். இலையை வெட்டினாள், தூளைப் பரப்பினாள், உருட்டினாள், நூலைக் கட்டினாள், முனையை மடக்கினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இலை மட்டும்தான் தெரிந்தது, விரல் தெரியவில்லை. மாமியார் ஒரு பீடியை எடுத்து நசுக்கிப் பார்த்தாள், காதருகே வைத்து உருட்டிப் பார்த்தாள். அது திமிறவுமில்லை, தொளதொளக்கவுமில்லை.

"மூஞ்சி சுமார்தான்" என்றாள். "ஆனா விரல் மகாலட்சுமி."

அனசூயாவின் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அனசூயாவுக்கோ தலைகால் புரியவில்லை. முகத்தை யாராவது புகழ்ந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. கல்யாணமாகி வந்த சில மாதத்திலேயே தெருவில் அவளுக்கு வேறு பெயர் விழுந்துவிட்டது: மிஷின் அனசூயா. வைத்தவன் பீடிக் கார்கானா குமாஸ்தா மல்லேஷ்.

கார்கானா என்று பேர்தான். அங்கே உட்கார்ந்து பீடி சுற்றுகிற ஒரு ஆள் கிடையாது. எங்கோ காட்டிலிருந்து வந்த இலையையும், எங்கோ அரைத்து வந்த தூளையும் காலையில் நிறுத்துக் கொடுப்பார்கள். சுற்றுவதெல்லாம் வீட்டில். சுற்றியதைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கொண்டுபோனால் மல்லேஷ் அவிழ்த்துப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துப் போடுவான். ஒவ்வொருத்திக்கும் ஒரு கார்டு. சரக்கு தொடர்ந்து குறைந்தால் கார்டு போய்விடும். கார்டு போனால் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு. அதனால் அம்மாவுக்கு முடியாதபோது மகள் சுற்றுவாள், அப்படியே அந்த முறம் அவள் மடியிலேயே தங்கிவிடும். தெருவில் பாதிப் பெண்கள் படிப்பை விட்டது அந்த வழியில்தான்.

மௌனிகா பிறந்து அவள் நன்றாக ஓட ஆரம்பித்த சமயத்தில் அனசூயாவுக்கு அடிவயிறு வலித்தது, வெள்ளை பட்டது. ஊரில் பட்டமில்லாமல் வைத்தியம் பார்க்கிற ஆர்.எம்.பி. டாக்டர் ராஜலிங்கம் அவளை டவுனில் ஒரு நர்சிங் ஹோமுக்கு அனுப்பினார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் உண்டு. அவர் அனுப்புகிற எல்லாப் பெண்களுக்கும் அங்கே ஒரே வைத்தியம்தான். கருப்பை, அதோடு சேர்த்து முட்டைப்பைகள், எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது.

"பயப்படாதே அனசூயா" என்றார் ராஜலிங்கம், தையல் பிரித்த அன்று. "இனிமே உனக்குப் பொம்பளை வியாதின்னு ஒண்ணு ஆயுசுக்கும் கிட்ட வராது."

அந்தப் பேச்சை அவள் தாயத்து மாதிரி முடிந்து வைத்துக்கொண்டாள். அவள் மட்டுமில்லை, தெருவே அப்படித்தான். வாசலில் உட்கார்ந்து சுற்றும்போது ராஜமணியக்கா கேட்பாள், "ஏண்டி, நம்ம தெருவுல பெரிய ஆபரேஷன் ஆகாதவ யாராச்சும் இருக்காளா?"

"போன மாசம் கல்யாணமாகி வந்தாளே, அவ ஒருத்தி."

"பாவம், அவளுக்கு இன்னும் ராஜலிங்கம் சார் வீடு தெரியாது போல. சார் மாடியில இன்னொரு ரூம் எடுக்கப் போறாராம், தெரிஞ்சுக்குவா."

எல்லாரும் சிரிப்பார்கள். கை மட்டும் நிற்காது.

அதனால்தான், இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டபோது அனசூயா அதை யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று கூட இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவளுக்குப் படவில்லை. தனக்குத்தான் வராதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றிவிட வந்த மௌனிகாதான் பார்த்தாள்.

"அம்மா, இங்க ஏன் குழி விழுந்திருக்கு?"

"முறம் இடிச்சிருக்கும்."

"முறம் இடிச்சா குழி விழுமா? வீங்கும்தானே?"

மௌனிகா அப்போது இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம், உயிரியல் படிக்கிறவள். பரீட்சை முடிந்த மறுநாளே அம்மாவை இழுத்துக்கொண்டு கரீம்நகர் பஸ் ஏறினாள். மார்பை எடுத்தார்கள். அதற்கப்புறம் ஊசி மருந்து, அதற்கப்புறம் கரண்ட் வைத்தார்கள். தலைமுடி கொத்தாக வந்தது. சோள ரொட்டியைக் கண்டாலே குமட்டியது.

அந்த வருஷம் மௌனிகா கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. கார்டு போய்விடக் கூடாதே என்று அம்மாவின் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அனசூயா இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. வேண்டுமென்றேதான் சொல்லிக் கொடுக்கவில்லை. பெண் தானாகப் பார்த்துப் பார்த்துச் சுற்றினாள். மல்லேஷ் கழித்தது போக மிச்சத்தை ஈடுகட்ட, பொழுது விடிவதற்கு முன்பே உட்கார்ந்தாள். கட்டிலில் படுத்தபடி அனசூயா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சோறு ஊட்ட வந்த மகளின் விரலில் புகையிலை நாற்றம் அடித்தது. அன்று அவள் அந்தச் சோற்றை விழுங்கவில்லை.

வைத்தியமெல்லாம் முடிந்து எழுந்து உட்கார்ந்த முதல் நாள், முறத்தை மகள் மடியிலிருந்து பிடுங்கினாள். "இன்னொரு தடவை இதை நீ தொட்டேன்னா, அன்னைக்கோட உனக்கு அம்மா இல்லேன்னு வச்சுக்கோ."

மௌனிகாவுக்குக் கரீம்நகரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. தெருவிலிருந்து நர்சிங் படிக்கப் போன முதல் பெண். பெட்டியோடு பஸ் ஏறியபோது ராஜமணியக்கா, "நாளைக்கு எங்களுக்கெல்லாம் ஊசி போடும்போது மெதுவாப் போடுடி, பழைய பகையெல்லாம் ஊசியில காட்டாதே" என்றாள். அனசூயா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

லெட்ரோசோல் ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. முதலில் எதுவும் தெரியவில்லை. மழைக்காலம் வந்தபோது காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கின வாக்கிலேயே நின்றன. ஒன்றொன்றாகப் பிரித்து நீட்ட வேண்டியிருந்தது. சொம்பைப் பிடித்தால் நழுவியது. வெந்நீரில் கையை முக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெயில் ஏறியபின் கொஞ்சம் இளகும், ஆனால் முனை மடக்குகிற அந்தக் கடைசி அழுத்தம் வரவில்லை. பீடி வாய் பிளந்துகொண்டு நின்றது.

மல்லேஷ் ஒரு கட்டை அவிழ்த்துப் பார்த்து, நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு எப்போதும் போலக் கத்தினான். "என்னக்கா, மிஷினுக்கு எண்ணெய் போடணுமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அனசூயாவும் சிரித்தாள். கழித்துப் போட்ட பீடிகளை முந்தானையில் வாங்கிக்கொண்டு வந்தவள், வீட்டுக்கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

ராஜமணியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே சுவர், ஒரே வாசல். வருஷக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுகிறவர்கள். சொல்லவில்லை. விரல் வலிக்கிறது என்று மற்ற யார் வேண்டுமானாலும் சொல்லலாம். விரலைப் பார்த்துக் கட்டிக் கொண்டு வரப்பட்டவள் எப்படிச் சொல்வாள்? மாறாக அவள் இலை வெட்டுவதற்குச் சீக்கிரம் எழுந்தாள், இருட்டும்வரை சுற்றினாள், எப்படியோ சரக்கைக் குறையாமல் காட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மௌனிகா வீடியோவில் கூப்பிட்டாள்.

"கை ஏன்மா அப்படி உப்பியிருக்கு?"

"இலையில ஏதோ பூச்சி."

"பொய் சொல்லாதே. உன்னால முடியலேன்னா சொல்லு, நான் ஒரு செமஸ்டர் லீவு போட்டுட்டு வந்து கார்டைப் பாத்துக்கறேன். அடுத்த வருஷம் சேந்து படிச்சுக்கலாம்."

"வாயை மூடு" என்றாள் அனசூயா. "பூச்சின்னு சொன்னேனில்ல."

போனை அணைத்தாள். தெருவில் அப்படி ஒரு வருஷம் லீவு போட்ட பெண்கள் ஒருத்தியும் திரும்பிப் போனதில்லை என்பது அவளுக்குத் தெரியும். மௌனிகா ஒரு முறை தப்பித்தாள். இரண்டாம் முறை தப்பிப்பாளா?

அந்த வாரம்தான் அவள் மருந்து வாங்க வந்து, மெல்லிசு மாத்திரை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டது. பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் யோசித்தாள். மாத்திரை அடக்குவது பெண் ஹார்மோனை. அது ஊறுகிற இடத்தைத்தான் என்றைக்கோ அறுத்து எடுத்தாயிற்று. வேறு இடத்தில் ஊறும் என்று அந்தக் கவுண்டர் பையன் ஏதோ சொன்னான். சின்னப் பையன், புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறான். ஊருக்கு வந்து ராஜமணியிடம் மாத்திரையைப் பற்றி மட்டும் கேட்டாள். விரலைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அக்கா, நமக்குத்தான் அது கிடையாதே. அதை அடக்க மாத்திரை எதுக்காம்?"

"எல்லாருக்கும் ஒரே சீட்டு எழுதறாங்க போல" என்றாள் ராஜமணி. "வித்துட்ட எருமைக்கு எதுக்குடி கயிறு?"

ராஜலிங்கத்திடமும் கேட்டாள். அவர் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உனக்குப் பெருசா அவசியமில்ல. ஆனா ஆஸ்பத்திரியில குடுத்ததை நான் வேண்டாம்னு சொன்னதா இருக்கக் கூடாது" என்றார்.

தசராவை ஒட்டி வரும் பதுகம்மா பூப்பண்டிகைவரை போடாமல் இருந்து பார்ப்போம் என்று நிறுத்தினாள். ஒரு வாரம் ஒன்றும் மாறவில்லை. இன்னும் சில நாள் கழிந்தபின் ஒரு காலையில் கண் விழித்தபோது, கை தானாக விரிந்தது. எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் மூடித் திறந்து மூடித் திறந்து பார்த்தாள். அன்று அவள் கொண்டுபோன கட்டை மல்லேஷ் அவிழ்க்கக்கூட இல்லை. கையில் எடுத்து எடை பார்த்ததுமே உள்ளே தள்ளினான்.

பிறகு அவள் அந்த மாத்திரையைத் தொடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக்கு வந்தாள், கொடுத்ததை வாங்கிக்கொண்டாள், "போடறேன் மேடம்" என்றாள். வீட்டுக்கு வந்து பரணில் போட்டாள்.

அடுத்த இரண்டு வருஷங்கள் தன் வாழ்க்கையிலேயே நல்ல வருஷங்கள் என்று அனசூயா சொல்வாள். முடி தோளுக்கு வந்தது. விரல் பழையபடி ஓடியது. மகள் வெள்ளைச் சீருடையில் போட்டோ அனுப்பினாள். அதைப் பெரிதாகப் போட்டுக் கண்ணாடி போட்டு மாட்டினாள். பிவண்டிக்காரன்கூட அந்தத் தசராவுக்கு வந்து போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது யாரு, உன் வயித்துல பொறந்ததுதானா?" என்று கேட்டான். "உங்க மூஞ்சி இல்லாம பொறந்ததால தப்பிச்சுது" என்றாள் அவள்.

இடுப்பு வலி எப்போது ஆரம்பித்தது என்று அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பீடி சுற்றுகிறவளுக்கு இடுப்பு வலிக்காத நாள் ஏது? தெருவில் எல்லாருக்கும் வலிக்கும். சாயங்காலம் முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது எல்லாருமே "அய்யோ அம்மா" என்றுதான் எழுந்திருப்பார்கள். அதனால் அவள் வலியும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகக் கலந்துபோயிற்று. தைலம் தேய்த்தாள். ராஜலிங்கம் ஊசி போட்டார். படுத்தாலும் வலித்தபோதுகூட, வேலை ஜாஸ்தி என்றுதான் நினைத்தாள்.

அந்த இரண்டாம் வருஷத்துப் பதுகம்மா. ஆவாரம்பூவும் செண்டுப்பூவும் அடுக்கி எல்லாரும் கோயில் திடலில் வட்டமாகச் சுற்றினார்கள். குனிந்து கை தட்டி, நிமிர்ந்து ஓரடி எடுத்து, மறுபடி குனிந்து. மூன்றாம் சுற்றில் அனசூயா குனிந்தாள். நிமிரவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். பின்னால் வந்த ராஜமணி அவளைத் தாங்கப் போய்த் தானும் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரையும் பார்த்து முதலில் பெண்கள் சிரித்தார்கள். அனசூயா போட்ட சத்தத்தில் சிரிப்பு நின்றது.

இடுப்பெலும்பில் விரிசல். ஸ்கேன் எடுத்தபோது விரிசல் மட்டும் இல்லை என்று தெரிந்தது. முதுகெலும்பிலும் இரண்டு இடத்தில் நோய் வந்து உட்கார்ந்திருந்தது.

எங்கள் மருத்துவமனைப் புற்றுநோய் டாக்டர் நிகத் சுல்தானா படங்களைப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியை அனசூயாவின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கேயே நர்ஸ் பயிற்சியில் இருந்த மௌனிகா சீருடையோடு அம்மாவின் பின்னால் நின்றாள்.

"அம்மா, மாத்திரை தினம் போட்டீங்களா?"

"இல்ல மேடம்" என்றாள் அனசூயா. இப்போது பொய் சொல்லத் தோன்றவில்லை. "ரெண்டு வருஷமாப் போடல. எனக்குத்தான் பெரிய ஆபரேஷன் ஆயிடுச்சே. அதெல்லாம் ஊறுறதுக்கு இடமே இல்லையே."

டாக்டர் கோபப்படவில்லை. இதே பதிலை அவர் பலமுறை கேட்டிருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார். "முட்டைப்பையை எடுத்தாலும் சிறுநீரகத்துக்கு மேல ஒரு சின்னச் சுரப்பி இருக்கும்மா. அங்கேர்ந்து ஒரு சரக்கு ரத்தத்துல வந்துக்கிட்டே இருக்கும். அது பெண் ஹார்மோன் இல்ல, அதுக்கு முந்தின பக்குவம். மார்புல இருக்கிற கொழுப்பும் அந்தக் கட்டியும் அதை வாங்கி, அங்கேயே பெண் ஹார்மோனா மாத்திக்கும். ரத்தத்துல தேடினா துளிதான் இருக்கும். கட்டிக்குள்ள பாத்தா அதைப்போலப் பல மடங்கு. கட்டியை வெளியே எடுக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டொரு செல் தப்பிச்சு எலும்புக்குப் போயிருக்கும். போன இடத்துலயும் அதுங்களுக்கு அந்தத் தொழில் மறக்காது. அந்த மாத்துற வேலையை நிறுத்தத்தான் மாத்திரை."

அனசூயா மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இலையும் தூளும் வேற எங்கேர்ந்தோ வருது" என்றாள். "சுத்துறது வீட்டுலயே. அப்படித்தானே மேடம்?"

ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்த டாக்டருக்கு அது சட்டென்று விளங்கவில்லை. மௌனிகா விளக்கிச் சொன்னாள். "ஆமாம்மா" என்றார் டாக்டர். "அப்படித்தான்."

"கார்கானாவுக்குள்ள போய்ப் பாத்தா பீடி சுத்துற ஆள் ஒருத்தர் இருக்க மாட்டாங்க. ஊரெல்லாம் பீடிதான். நாங்க கார்கானாவை இடிச்சுப் போட்டுட்டு, பீடியே நின்னு போச்சுன்னு உக்காந்திருந்தோம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மௌனிகாதான் கேட்டாள். "போட்டிருந்தா வந்திருக்காதா மேடம்?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது மௌனிகா. போட்டவங்களுக்கும் சில பேருக்கு வருது. வர்றதுக்கான வாய்ப்பு குறைஞ்சிருக்கும். அதுக்கு மேல சொன்னா நான் பொய் சொல்றதா ஆகும்."

வெளியே வந்து நீண்ட நடையில் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு மௌனிகா அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நர்சுகள் போகிற வருகிற இடம், அவளுக்குத் தெரிந்தவர்கள்.

"ஆபரேஷன் ஆனதாலதான் நிறுத்தினியா? நிஜத்தைச் சொல்லு."

"அதுவும்தான்."

"அதுவும்தான்னா?"

"விரல் ஓடல. மல்லேஷ் கழிக்க ஆரம்பிச்சான். நீ லீவு போட்டுட்டு வரேன்னியே."

மௌனிகா அம்மாவின் விரல்களை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். "ஊரான் வீட்டு அம்மாவையெல்லாம் மாத்திரை போட்டீங்களா, போட்டீங்களான்னு வார்டு வார்டாக் கேக்கறேன். உன்னை ஒரு நாள் கேக்கலியேம்மா."

"நீ கேட்டிருந்தா போட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் அனசூயா. "விடு."

கரண்ட் வைத்தார்கள், எலும்புக்கு ஊசி போட்டார்கள், அதே லெட்ரோசோலை மறுபடி ஆரம்பித்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் மௌனிகா பையை மூலையில் போட்டாள், கால் கழுவினாள், நேராகப் போய் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கீழ வை அதை" என்றாள் அனசூயா கட்டிலிலிருந்து.

"கார்டு போயிடும்."

"போகட்டும். வை கீழே."

"கார்டு போனா நீ என்ன பண்ணுவே? அப்பா அனுப்பறதுல நீ சாப்பிடுவியா, பஸ் ஏறுவியா? பேசாம படு."

"வைடீ!" என்று அனசூயா கத்திய கத்தில், அந்தப் பக்கம் உலை வைத்துக்கொண்டிருந்த ராஜமணி கரண்டியோடு ஓடி வந்தாள். மகள் முறத்தோடு உட்கார்ந்து அழுவதையும், அம்மா எழுந்திருக்க முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தவிப்பதையும் பார்த்தாள். விஷயம் முழுவதையும் அவளிடம் சொன்னது மௌனிகாதான். விரல் ஓடாமல் போனது, பூச்சி என்று பொய் சொன்னது, மாத்திரையை நிறுத்தியது, எல்லாம்.

ராஜமணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட மாத்திரையை மட்டும் கேட்டே. விரலை ஏண்டி சொல்லல?"

அனசூயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாயைத் தொறந்து சொல்லித் தொலைச்சிருந்தா, நான் நாலு கட்டு போட மாட்டேனா? எதிர்வீட்டுக்காரி ரெண்டு போட மாட்டாளா? தெருவுல இத்தனை பேர் எதுக்குடி உக்காந்திருக்கோம்? நீ போடு மாத்திரையை, நாங்க சுத்தறோம்னு சொல்லியிருக்க மாட்டோமா? எருமை, கயிறுன்னு நான் வேற கேலி பேசினேனே, பாவி." தலையில் அடித்துக்கொண்டாள். "உசுரைவிடப் பெருசாடி அந்தப் பேரு?"

"மிஷின், மிஷின்னு கூப்பிட்டவங்ககிட்ட" என்றாள் அனசூயா சுவரைப் பார்த்தபடி, "எப்படிக்கா போய்ச் சொல்வேன்?"

மறுநாள் காலை கார்கானாவுக்குப் போகிற வழியில் பெண்கள் ஒவ்வொருத்தியாக அந்த வாசலில் நின்றார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு கட்டை முறத்தில் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். யாரும் உள்ளே வந்து உட்காரவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் எட்டிப் பார்த்து, "உன் கை அளவுக்கு வராது, சும்மா நொட்டை சொல்லாதே" என்றாள். நிறைந்த முறத்தை ராஜமணி தூக்கிக்கொண்டு போனாள்.

மல்லேஷ் அனசூயாவின் கார்டைப் பார்த்தான், கட்டுகளை அவிழ்த்தான். ஒவ்வொருத்தி கைக்கும் ஒரு மடிப்பு உண்டு. அவனுக்கு அது அத்துப்படி. "இதுல அஞ்சாறு பேர் கை தெரியுதேக்கா" என்றான்.

"தெரிஞ்சா என்ன?"

அவன் மறுபடி கட்டினான். ஒன்றைக்கூடக் கழிக்காமல் உள்ளே வைத்தான்.

அந்த வாரக் கடைசியில் மௌனிகா கரீம்நகருக்குத் திரும்பினாள். போகும்போது அம்மாவிடம் பேசவில்லை. ராஜமணியிடம் மாத்திரை அட்டையைக் கொடுத்து, "பெரியம்மா, உங்க கண் முன்னாடி முழுங்கணும்" என்று மட்டும் சொன்னாள். பஸ் கிளம்பியபின் போனில் கூப்பிட்டு அழுதாள்.

இது நடந்து ஒரு வருஷமும் கொஞ்சமும் ஆகிறது. மௌனிகா கடைசி வருஷம் படிக்கிறாள். அனசூயா சிந்தலகுண்டாவில் தன் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். தடி ஊன்றி வாசல்வரை வருவாள், அதற்கு மேல் முடியாது. நோய் எலும்பில் இருக்கிறது. கடைசி ஸ்கேனில் பெரிதாகவில்லை, போகவும் இல்லை. எத்தனை காலம் இப்படி நிற்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. விரல்கள் மறுபடி காலையில் விறைத்துக்கொள்கின்றன, பீடி சுற்ற வளைவதில்லை. மாதம் ஒரு முறை ராஜமணியோடு பஸ் ஏறி ஊசிக்கு வருகிறாள். மாத்திரையை என் கவுண்டரில்தான் வாங்கிக்கொண்டு போகிறாள்.